தங்கச்சி வூட்டுச் சாவி

எங்கள் பிக்கப் வண்டிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆனி மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, வைப்பர் மட்டும் தானாக ஆடும். இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கும். உள்ளே இருக்கிற சின்ன விளக்கு விடிய விடிய எரிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். சாமந்திப் பூ மூட்டையை ஏற்றிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், வண்டியைத் தள்ள என் வீட்டுக்காரர் ஆள் தேடிக்கொண்டு நிற்பார்.

கண் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். யார் கண் என்றும் எனக்குத் தெரியும்.

என் தங்கை, பென்னாகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி வெள்ளை பிக்கப் வாங்கினார்கள். இரண்டுக்கும் அம்மாதான் பூசணிக்காய் உடைத்தாள். கொஞ்ச வருஷத்தில் அவர்கள் வண்டி தொப்பூர் கணவாயில் லாரியில் மோதி முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஒரு சிராய்ப்பு இல்லாமல் இறங்கி வந்தார். அந்த மனிதர் பிழைத்ததற்கு நான் ஈஸ்வரன் கோயிலில் தேங்காய் உடைத்தேன், மனசாரத்தான். அப்புறம் இன்சூரன்ஸ் பணம் வந்து, இரண்டு வரிசை சீட்டும் ஏசியும் வைத்த புது வண்டி அவள் வாசலில் நின்றபோது என் வயிறு எரிந்ததும் மனசாரத்தான். அடிபட்டாலும் அவளுக்கு அது விளைச்சலாகத்தான் முடிகிறது.

எனக்கென்று இருந்தது ஆடி அமாவாசை ஒன்றுதான். அப்பா படுக்கையிலிருந்து எழுந்தால் வருஷா வருஷம் குடும்பத்தோடு தீர்த்தமலைக்கு வந்து தீர்த்தமாடிப் பொங்கல் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அப்பா எழுந்தார். அன்றிலிருந்து எங்கள் வண்டியில்தான் போகிறோம். அம்மா முன்சீட்டில், அவள் பக்கத்தில் நான். தங்கை தன் ஏசி வண்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவாள். எவ்வளவு கூப்பிட்டாலும் அம்மா அதில் ஏற மாட்டாள். "ஏசிக் காத்துல மூட்டு வலிக்குதுடி" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

இந்த வருஷம் அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது வண்டி அடியோடு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு சாவிப் படம் மினுக்கு மினுக்கென்று எரிந்தது. இன்ஜினிலிருந்து முக்கல் முனகல்கூட இல்லை. கயிறு கட்டி எலக்ட்ரீஷியன் கடைக்கு இழுத்துப் போனோம். எனக்கு ஒரே பயம்தான். அம்மா ஒரு தடவை தங்கை வண்டியில் ஏறிவிட்டால் அடுத்த வருஷமும் அதுதான், அதற்கடுத்த வருஷமும் அதுதான்.

எலக்ட்ரீஷியன் ஸ்டீயரிங்குக்குக் கீழே பலகையைக் கழற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்புப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"பாடி கன்ட்ரோல் மாடூல்ங்கக்கா. வெளக்கு, ஹாரன், வைப்பரு, சாவி எல்லாத்துக்கும் இதுதான் மூளை. பாருங்க, உள்ள பச்சை பூத்துக் கெடக்குது. வண்டிக்குள்ள யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழமயானா தீர்த்தம் தெளிப்பா. தெளிக்கறதுன்னா தெளிக்கறது இல்லீங்க, அபிஷேகம்."

"சாமி தண்ணியா இருந்தாலும் கரண்டுக்கு அது தண்ணிதானுங்களே."

போன மழையில் கண்ணாடி ரப்பர் வழியாகவும் ஒழுகியது. அதை நான் சொன்னேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

புதுப் பெட்டி கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும், பழைய மாடல், அமாவாசைக்குள் வராது என்றார் அவர். காயலான் கடையில் இதே மாடல் வண்டி கிடந்தால் கழற்றிக்கொள்ளலாம். இரண்டு பேரும் தர்மபுரிக்குப் போனார்கள். சாயந்திரம் பெட்டியோடு திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் முகம் சரியில்லை.

"அந்த மாடல்ல அங்க ஒரே ஒரு வண்டிதான் கெடக்குது. பின்கதவு மேல அவங்க கொலசாமி பேரு அப்படியே இருக்குது. நம்ம சகலை வண்டி."

பெட்டியை மாட்டியதும் வைப்பர் அடங்கியது. ஹாரன் அழுத்தினால் மட்டும் அடித்தது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. அதே சாவிப் படம் மினுக்கியது.

"இது அதோட பழைய சாவியத்தான் கேக்குது" என்றார் எலக்ட்ரீஷியன். "சாவித் தலைக்குள்ள சின்னதா ஒரு சிப்பு இருக்கும்ங்கக்கா. அதைக் கொண்டாந்தீங்கன்னா உங்க சாவிக்குள்ள வெச்சி, லேப்டாப்புல இன்ஜினோட சேத்து வுட்டுடுவேன். அது இல்லாம என்னால ஆவாது."

"நீ போய்க் கேளு, உன் தங்கச்சிதான" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க சகலைதான, நீங்க கேளுங்க."

"போன பொங்கலுக்கு எல்லாரு முன்னாலயும் 'இன்னும் இது ஓடுதா சகலை'ன்னு கேட்டவரு. அவருகிட்ட போய் நான் நிக்கறதா?"

நான்தான் போய் நின்றேன். என் வீட்டில் சாமிக்கு அடுப்பங்கரைச் சுவரில் ஒரு பலகை. அவள் வீட்டில் கதவு வைத்த தனி அறை, கதவில் மணி. நானும் இத்தனை விரதம் இருக்கிறேனே, எனக்கு ஒரு கதவு கொடுக்கக் கூடாதா என்று போகும்போதெல்லாம் சாமியைக் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். படங்களுக்கு முன்னால் பித்தளைத் தட்டில் அந்தப் பழைய சாவி குங்குமப் பொட்டோடு இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் தங்கை சிரித்தாள். "அப்ப எங்க வண்டி மூளைய வெச்சிதான் உங்க வண்டி ஓடப் போவுதா?"

"சிரிக்காதடி. தருவியா மாட்டியா?"

அவள் சாவியைக் கையில் எடுத்தாள். சிரிப்பு போய்விட்டது. "நசுங்கன வண்டியிலருந்து அவரு எறங்கி வந்தப்ப கையில இதுதான்க்கா இருந்துச்சு. தெனமும் பொட்டு வெக்கறேன். இதைப் போயி ஒடைப்பாங்களா?"

"மேல் மூடியத்தான் பிரிப்பாங்களாம்."

சாவியை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். அவள் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் குடுக்கலன்னா அம்மா என் வண்டியிலதான வந்தாவணும்" என்றாள்.

"ஆமா."

"வந்தாலும் மூட்டு வலிக்குதுன்னுதான் சொல்லும். ஏசிய நிறுத்தி வெச்சாலும் சொல்லும். உன் வண்டி டீசல் நாத்தத்துல மட்டும் அதுக்குத் தூக்கம் வருது. நானும் அதுக்குப் பொறந்தவதான? பின்னாலயே வந்து வந்து எனக்கு எப்படி வயிறு எரியும் தெரியுமா?"

வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் இருக்கிறது என்று கேட்டபோது பாவமாகவும் இருந்தது, ஒரு பக்கம் குளுகுளு என்றும் இருந்தது. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

"சாவி தரேன்" என்றாள். "ஆனா இந்தத் தடவ அம்மா பக்கத்துல நான் உக்காருவேன்."

"அப்ப நான் எங்கடி உக்கார்றது?"

"எங்க வண்டி அடிபட்ட வருஷம் என்னய எங்க உக்கார வெச்ச? பின்னால பொங்கல் அண்டா பக்கத்துலதான?"

அண்டா பக்கத்தில்தான். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

எலக்ட்ரீஷியன் இரண்டு சாவியின் தலையையும் பிளந்தார். அவள் சாவியிலிருந்து அரிசி அளவு ஒன்றை எடுத்து எங்கள் சாவிக்குள் வைத்து ஒட்டினார். லேப்டாப்பை இணைத்து என்னவோ தட்டினார். சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை.

அமாவாசை அன்று தங்கை பட்டுப்புடவையில் வந்து, நான் கதவைத் திறப்பதற்குள் அம்மாவைக் கைகொடுத்து ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். ஏன் இடம் மாறியது என்று அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"பின்னால எதுக்குக்கா கஷ்டப்படறீங்க, நம்ம வண்டியில வாங்க" என்று தங்கை வீட்டுக்காரர் கூப்பிட்டார். என் வண்டியை விட்டுவிட்டு அந்த ஏசியில் நான் ஏறுவேனா? அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்டா வந்து முழங்காலில் இடித்தது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலை தெரிந்தது. அரூர் வருவதற்குள் ஒரு தலை இன்னொன்றின் தோளில் சாய்ந்துவிட்டது. அம்மா என் தோளில் தூங்கும்போது கொஞ்சம் கனமாக இருக்கும், கை மரத்துப் போகும். அந்த மரப்புக்கு அன்று மனசு ஏங்கியது.

மலையில் தீர்த்தம் தலையில் விழுந்தபோது கண்ணை மூடி, பொறாமையை எடுத்துவிடு ஈஸ்வரா என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே அம்மா தங்கையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கும்போது தங்கை இரண்டு பாட்டிலில் தீர்த்தம் பிடித்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். "வண்டியில ஊத்திடாதக்கா. அது எங்க பொட்டி."

திரும்பும்போதும் அவள்தான் முன்சீட்டில். நான் பாட்டில் மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வண்டிக்குள் தண்ணீர் தெளிப்பதில்லை. சாவிக்கு மட்டும் குங்குமம் வைக்கிறேன், பிளந்து ஒட்டிய தழும்புக்கு மேலேயே. உள்ளே இருப்பது அவள் சாமி அறையில் இருந்தது என்பது வைக்கிற ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்த ஆடிக்கு யார் முன்சீட்டு என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.