படத்தின் ஓரத்தில் ஒரு போர்ட்டர்

ராமேஸ்வரத்தில் சங்குக் கடை சதக்குக்கு ரயில் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். சங்கும் சிப்பி மாலையும் விற்கிற மனுசன், ரயில் படம் போட்ட பழைய புத்தகம் ஒன்று மதுரையில் கிடக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். மீட்டர் கேஜ் வரலாறு, நூற்றாண்டு மலர், பாம்பன் பாலம் கட்டின கதை என்று தமிழும் இங்கிலீசுமாக ஒரு அலமாரி நிறைய வைத்திருந்தார். இதிலே கூத்து என்னவென்றால், அவருக்கு இஞ்சினுக்கும் இட்லிக் கொப்பரைக்கும் வித்தியாசம் தெரியாது. அத்தனை புத்தகத்திலும் அவர் தேடியது தன் வாப்பாவின் முகத்தைத்தான். அதை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

வாப்பா அகமது கபீர், தனுஷ்கோடித் துறையில் போர்ட்டர். மெட்ராஸிலிருந்து வருகிற போட் மெயில் நேரே துறைக்கே வந்து நிற்கும். இந்தப் பக்கம் ரயிலை விட்டு இறங்கினால் அந்தப் பக்கம் தலைமன்னார் போகிற கப்பல். நடுவில் பெட்டி சுமக்கிற ஆட்களில் அவரும் ஒருத்தர். அறுபத்து நாலு மார்கழிப் புயல் வந்தபோது, சதக்கின் உம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் தங்கச்சியின் பேறுகாலத்துக்காகப் பாம்பனுக்கு வந்திருந்தார். தாயும் பிள்ளையும் தப்பியது அப்படித்தான். வாப்பாவின் மையத்துகூடக் கிடைக்கவில்லை. கபுர் இல்லை, போய் நின்று துஆக் கேட்க ஓர் இடம் இல்லை. போட்டோவும் இல்லை. மனுச உருவம் உள்ள படத்தை வீட்டில் வைக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் என்றைக்குமே கிடையாது. வைத்திருந்தாலும் கடல் விட்டுவைத்திருக்குமா என்ன. வயசு ஏற ஏற, சதக்குக்கு வாப்பாவின் குரல் நினைவிருந்தது, சட்டையின் வேர்வை வாடைகூட நினைவிருந்தது, முகம் மட்டும் கலங்கிக்கொண்டே வந்தது. பெற்ற தகப்பன் முகத்தை மறக்கிறோமே என்கிற வேதனை அவரைத் தின்றது.

எழுபத்து நாலில், கடையில் சங்குக்குப் பேரம் பேசிய ஒரு மெட்ராஸ்காரர் பெரிய புத்தகம் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சதக் அப்போது அந்தக் கடையில் வேலைக்கு இருந்த இளவட்டம். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியும் ஆள் சிக்கவில்லை. சரி, கிடக்கட்டும் என்று புரட்டினால், ஒரு பக்கத்தில் தனுஷ்கோடித் துறை. கப்பல், ரயில் பெட்டி, தொப்பி வைத்த பயணிகள். இடது ஓரத்தில் தலையில் துண்டும் இடுப்பில் ஒரு கையுமாக ஒரு போர்ட்டர். வாப்பாவுக்கு இடுப்பு வலி உண்டு, சுமையை இறக்கியதும் இதே மாதிரிதான் நிற்பார். படத்தில் இருந்த முகம் மிளகுப் பருமன்கூட இல்லை. ஆனாலும் சதக்குக்கு அது வாப்பாதான்.

வீட்டுக்கு ஓட்டமாய் ஓடி உம்மாவிடம் காட்டினார். உம்மா புத்தகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

"இதுல யாரும் இல்லையே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சதக்குக்கு அழுகை முட்டியது. உம்மாமேல் கோபமும் வந்தது. ஆனால் அடுத்த நாளே மனசைத் தேற்றிக்கொண்டார். படம் சின்னது, அதுதான் உம்மா கண்ணுக்குப் பிடிபடவில்லை. இதே படத்தை எவனாவது எந்தப் புத்தகத்திலாவது பெரிசாகப் போடாமலா இருப்பான்? கிடைக்கட்டும், கொண்டுவந்து உம்மா மடியில் வைத்து, இப்போது சொல்லுங்கள் என்று கேட்போம். இப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பைத்தியம்.

பரமக்குடியில் வீரபத்திரன் என்று ஒரு சேலைக் கடைக்காரர். அவருக்கு வந்திருந்தது நிஜமான ரயில் பைத்தியம். எந்த இஞ்சின் எந்த ஊரில் ஓடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். சதக்கும் தன் சாதிதான் என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார். சதக் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், கை மட்டும் துறைமுகப் படம் வருகிறதா என்று பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை வீரபத்திரன், தனுஷ்கோடிப் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிற புத்தகம் ஒன்று தன்னிடம் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். சதக் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை. போய்ப் பார்த்தால், அதே படம்தான், ஒரு முழம் அகலத்துக்குக் கப்பல் பளிச்சென்று நிற்கிறது. ஆனால் அச்சுப் போட்டவன் கப்பல் நடுவில் வரட்டும் என்று இடது ஓரத்தை வெட்டி எறிந்திருந்தான். போர்ட்டரின் முழங்கை மட்டும் மிச்சமிருந்தது. சதக் அந்த முழங்கைக்காகவே ஒரு நல்ல புத்தகத்தை மாற்றிக்கொடுத்து அதை வாங்கி வந்தார்.

இன்னொன்றில் படம் வலது பக்கத்தை நிறைத்து, இடது பக்கத்துக்கும் கொஞ்சம் வழிந்திருந்தது. பக்கங்களைத் தைத்த மடிப்பு சரியாக வாப்பாமேல் விழுந்து அவரை விழுங்கியிருந்தது. வேறொன்றில் மை ஊறித் துண்டும் தலையும் ஒரே கறுப்பாகக் கிடந்தது. எப்படிப் பார்த்தாலும், முதல் முதலாகக் கிடைத்த அந்தப் பழைய புத்தகத்தில்தான் வாப்பா முழுசாக நின்றார். எண்பத்தொன்பதில் உம்மா மவுத்தானார். காட்ட ஆள் போயிற்று, இனிமேல் விட்டுவிடலாம். ஆனால் அவரால் விட முடியவில்லை. விட்டால் உம்மா சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

கட்டிக்கொண்டு வந்த சபியாவிடமாவது சொன்னாரா? அதுதான் இல்லை. பெரியபட்டினத்துப் பெண், அவளும் சும்மா இருக்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதிலே என்று வந்த புதிசிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ரயிலு என்பார், எழுந்து போய்விடுவார். சொன்னால் அவளும் ஒரு தடவை பார்த்துவிட்டு உம்மா மாதிரி மூடிக் கொடுத்துவிட்டால்? அந்தப் பயத்தில் முப்பது வருசம் மனுசன் மூச்சு விடவில்லை.

பாம்பன் பாலத்தில் அகல ரயில் ஓட ஆரம்பித்த மறு வருசம் சதக்குக்கு நெஞ்சடைத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மகள் மலிகா கூட இருந்து பார்த்துக்கொள்ள, வீட்டைச் சுத்தம் செய்து வைப்பதற்காகச் சபியா முன்கூட்டியே ஊருக்கு வந்தாள். அவர் வந்து படுக்கப்போகிற அறையில் யாசீன் ஓதவேண்டும், நோய் குணமாக ஷிஃபா கேட்கவேண்டும் என்று நிய்யத்து வைத்திருந்தாள். அந்த அறையில்தான் அலமாரி. பக்கத்து வீட்டு மஜீதா எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை உருவப்படம் இருக்கிற இடத்துக்கு வானத்திலிருந்து ரஹ்மத்துடைய மலக்குமார் எப்படி இறங்கி வருவார்கள், எல்லாவற்றையும் தூக்கிப் பழைய பேப்பர் கடையில் போடு என்றாள். சபியாவுக்கு மனசு வரவில்லை. அது அவர் உசுராச்சே. அப்படியானால் முகத்தை மட்டும் அழித்துவிடு, முகம் இல்லாத உருவம் மரம் மட்டை மாதிரிதான் என்று மஜீதாவே வழியும் சொன்னாள்.

சபியா கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கிவந்து உட்கார்ந்தாள். தொழுகைக்கு எழுந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதே வேலை. துரைமார், கார்டுகள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், ஜன்னலில் எட்டிப் பார்த்த பெண்கள், ஒருத்தர் பாக்கியில்லை. பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய்கூடத் தப்பவில்லை. புருசன் பிழைத்து எழவேண்டும், அவர் புத்தகமும் அவரிடமே இருக்கவேண்டும் என்று, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பிஸ்மி சொல்லி மை வைத்தாள் அந்த அப்பாவி.

சதக் வீட்டுக்கு வந்தார். வந்த மறுநாள் கைக்கு எட்டிய புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். தொப்பிக்குக் கீழே கறுப்புப் பொட்டு. அடுத்த பக்கத்திலும் அதே. சபியா பெருமையாக நடந்ததைச் சொன்னாள். அவர் தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், அடித் தட்டிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை உருவினார். அதிலும் பக்கத்துக்குப் பக்கம் மை. ஒவ்வொன்றாகத் தள்ளித் துறைப் பக்கத்துக்கு வந்தார்.

அந்தப் படத்தில் மை படவே இல்லை. வாப்பா இடுப்பில் கை வைத்தபடி அப்படியே நின்றிருந்தார்.

இதை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டார். சபியா எட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுல முகம் எங்க இருக்கு? முன்னால நிக்கிறவகள்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாக. ஓரத்துல என்னமோ எறும்பு மாதிரி ஒண்ணு. மூக்கா முழியா, ஒண்ணும் தெரியல. அழிக்கிறதுக்கு அதுல யாரு இருக்கா?"

தப்பித்தோம் என்று சந்தோசப்படவேண்டிய மனுசன், நின்ற இடத்திலேயே குலுங்கி அழுதார். உம்மா சொன்னதையே இவளும் சொல்லிவிட்டாள். அவள் கண்ணுக்கு வாப்பா ஓர் ஆளாகவே தெரியவில்லை, அதனால்தான் வாப்பா பிழைத்தார். சபியா பதறிப்போய், நெஞ்சு வலிக்கிறதா, டாக்டருக்குப் போன் போடவா என்று அவரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். அவர் இல்லை என்று கையை ஆட்டினார்.

"அது எங்க வாப்பா" என்றார்.

சபியாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. இத்தனை வருசம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள், அந்தப் புள்ளியிலும் நான் மை வைத்திருந்தால் எந்தக் கடலில் போய் விழுவேன் என்று அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். பேசப் பேச அவளுக்கும் கண்ணீர் வந்தது. அழுது ஓய்ந்தபின் அவளே புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்தாள்.

"எங்கன நிக்கிறாக? காட்டுங்க."

சதக் ஆள்காட்டி விரலை வைத்தார். விரலுக்கடியில் ஆள் முழுசாக மறைந்துபோனார். எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சபியா சரிந்து கிடந்த முக்காட்டை இழுத்துத் தலைக்கு ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். மடியில் இருந்த புத்தகத்தை இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டாள்.

"விரலை எடுங்க" என்றாள். "மாமாவைப் பாக்கணும்."