மிஸ்ஸிங் யார் காலில்?

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எங்கள் எஸ்டேட் ஆபீசில் டிரைவர் பெரியண்ணன் கையிலிருந்து பிக்கப் சாவி பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் முதலாளி. சாட்சி, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டராகிய நான்.

குற்றம்? வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல், காபி மூட்டைகளோடு ஒண்டிக்கடை ஏற்றத்தில் இருமிக்கொண்டே போகிறது. சேலத்தில் மெக்கானிக் பார்த்தார். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர்... எல்லாம் சுத்தம். அவர் முன்னால் வண்டி ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. இன்ஜினில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர் கால்தான் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்ஜினில் குறை தேட ஸ்பானர் வேண்டும். மனிதனிடம் குறை தேட வாய் போதுமே!

சனிக்கிழமை முதல் வேறு டிரைவர் என்றார் முதலாளி. பெரியண்ணன் பன்னிரண்டு வருடமாக இந்தப் பழைய பெட்ரோல் வண்டியை ஓட்டுகிறவர். மலையில் ஒருவருக்குக் கால் சரியில்லை என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? அவர் வெள்ளக்கடையில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்தே போனார்.

கோபம் வந்தால் நான் டைரியைப் புரட்டுவேன் — அது என் வியாதி. மழை, பனிமூட்டம், வண்டி கிளம்பிய நேரம்... எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. மிஸ்ஸிங் அடித்தது பதினோரு நாள். பதினோரு நாளும் காலையில். பதினோரு நாளும் மூட்டம். அதே வண்டி, அதே கால், மதியம் சேலத்திலிருந்து முழு லோடோடு மலையேறும்போது ஒரு தும்மல்கூட இல்லை.

முதலாளியிடம் காட்டினேன். "காலங்காத்தால தூக்கக் கலக்கமா இருக்கும் ரைட்டரே" என்றார். மூட்டமான நாளாகப் பார்த்துத்தான் கால் தூங்குமா?

புதன்கிழமை காலை நானே பானெட்டைத் திறந்தேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் குளிர்ந்து போகாமலிருக்க, வண்டியை நிறுத்தியதும் பானெட்டுக்குள் கோணிச் சாக்கைப் போர்த்திவிடுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் அது முதலாளியின் உத்தரவு. சாக்கைத் தொட்டேன். மூட்டத்தைக் குடித்துச் சொட்டச் சொட்டக் கிடந்தது... அதுவும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல்! பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் பாகம் அது. துடைத்துப் பார்த்தால், மூடியில் மயிரிழை விரிசல். ஈரம் இறங்கினால் கரண்ட் வழிதவறும். சேலம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூட்டில் காய்ந்துவிடும். பாவம், மெக்கானிக் எதைப் பார்ப்பார்?

பகல் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். பெரியண்ணனை வரவழைத்து, முதலாளியையே ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னேன். ரைட்டர் முதலாளிக்கு உத்தரவு போடலாமா? போட்டேன். முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

வண்டி சீராக ஓடியது. சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அந்த மூடிமேல் தெளித்தேன். இன்ஜின் தடுமாறியது. முதலாளி மிதிக்க மிதிக்க இருமல் கூடியது. வண்டியே குலுங்கியது.

பத்தடி தள்ளி, சில்வர் ஓக் மரத்தடியில் கைகட்டி நின்றிருந்த பெரியண்ணன் சொன்னார்: "ஏனுங்க மொதலாளி, என்ர காலு நொம்ப தூரத்துல இருக்குதுங்களே."

முதலாளி இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புது மூடி வந்தது. சாக்கு போனது. சனிக்கிழமை காலை முதலாளி சாவியை என்னிடம் கொடுத்தனுப்பினார். பெரியண்ணன் கையை நீட்டவில்லை.

"புடுங்குனவரே குடுக்கட்டுமுங்க."

நானும் வற்புறுத்தவில்லை. சாவியை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். லோடு ஏற்றிய வண்டி அப்படியே நின்றது. மூட்டை தூக்கியவர்கள் ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தார்கள். ஒன்பதரைக்கு முதலாளி படியிறங்கி வந்தார். எங்கேயோ பார்த்தபடி சாவியை நீட்டினார்.

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. சாவி வந்தது — வரவேண்டிய கையிலிருந்து.