வெற்றிலை எடுத்த பன்னிரண்டு பேர்

எங்கள் ஊரில் வெற்றிலை வட்டாவை நீட்டிச் சாப்பாட்டுக்கு அழைத்தால், வெற்றிலையை எடுத்தவர் வந்தே ஆக வேண்டும். வர முடியாதவர் வட்டாவைத் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பிவிடுவார். அதை நம்பித்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன்.

மாடு களவெடுத்ததற்காகப் பதினெட்டு மாதம் சிறை மறியலில் இருந்துவிட்டுப் பக்கத்து வளவுக்காரன் திரும்பியிருந்தான். அறுவடைக்காலம். எங்கள் வயல் வட்டையில் ஒருவர் வயலை மற்றவர்கள் கூடி வெட்டிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கூட்டத்தில் சேர்க்காவிட்டால் அவனுக்கு ஊரில் இடமில்லை.

"ஒரு நேரம் உன்ட வீட்டுச் சோறு திண்டுட்டாங்க எண்டா, மறுகா ஆர் உன்னைத் தள்ளி வைக்கிற?" என்று தைரியம் சொன்னேன்.

வட்டாவை அவன் சுமக்க, பேச்சை நான் சுமக்க, பன்னிரண்டு வீடு ஏறினோம். பன்னிரண்டு பேரும் எடுத்தார்கள். முதலில் எடுத்தவர் வட்டை வேலைகளை நடத்தும் விதானையார். "வாறன் மனே, ஏன் வராம?" என்று அவன் தோளில் தட்டினார்.

அன்று மதியம் அவன் வீட்டில் பன்னிரண்டு வாழையிலைகளும் வெறுமையாகக் கிடந்தன. அவன் மனைவி மீன்குழம்புச் சட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "எல்லாரும் ஒண்டாக் குளிக்கிறானுகள் போல. நான் போய்க் கூட்டி வாறன்" என்று கிளம்பினேன்.

பன்னிரண்டு பேரும் விதானையார் முற்றத்தில் இருந்தார்கள்.

"மறுகா ஏன் வெத்திலை எடுத்தீங்க?" என்றேன்.

"வாசலுக்கு வந்தவனை முகத்துக்கு நேரே வெட்டிப் பேசவா?" என்றார் விதானையார். "நீ போய்த் தின்னு. உன்ட வயலை நீயே வெட்டு."

நான் தனியே வெட்டி முடிக்குமுன் மழை பெய்து, கதிர் முளைத்து, என் மனைவி தாய்வீடு போய், நான் கோயில் வாசலில் தட்டேந்துவதுவரை ஒரே மூச்சில் நினைத்து முடித்தேன். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

அப்போது அவன் வேலியோரம் வந்து நின்றான். "அண்ணன், சோறு ஆறுது."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆறினா என்ன தம்பி? மறியல்ல சுடச்சுடவா போட்டவனுகள்?"

முற்றமே சிரித்தது. விதானையாருக்குப் புரையேறியது. மரியாதைக்கு அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தான்.

"அவங்க வராததைத் தாங்கியிருப்பன் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கிழமை முடியுமுன்னே அவனும் மனைவியும் தோணியேறிப் பனிச்சங்கேணிக்கு, அவளுடைய ஆட்களிடம் போய்விட்டார்கள். என் வயலைப் பன்னிரண்டு பேரும் வந்து ஒரே நாளில் வெட்டிக் கொடுத்தார்கள். வெற்றிலையே வைக்காமல்.

என் பகிடிகளில் ஊருக்கு மிகவும் பிடித்தது அந்த மறியல் சோற்றுப் பகிடிதான். இன்றும் கலியாண வீடுகளில் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன்.