அக்கா கொடுத்த நெட்டைக்கால் பெட்டை

என் சமையலறை அலமாரியில் எங்கள் வீட்டுப் பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றே ஒன்றுதான், ஓர் எவர்சில்வர் கிண்ணம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் ஓரகத்தியின் பெயர் இருக்கிறது. என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய கல்யாணச் சீரில் வந்த கிண்ணம் என்னிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தேய்க்கும்போது அந்த எழுத்துகள் விரலில் நெருடும். சட்டென்று கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கொல்லை. அக்கா வளர்த்தது ஜப்பான் பேண்டம் கோழிகள். புறாவை விடக் கொஞ்சம் பெரிய உருவம்தான். வால் நிமிர்ந்து தலைக்கு மேலே போகும், இறக்கை தரையைத் தொடும், கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கால் எவ்வளவு குட்டையோ கண்காட்சியில் அவ்வளவு மதிப்பு. தஞ்சாவூரில் போட்டி என்றால் முதல் நாளே சேவலுக்கு வெந்நீர்க் குளியல், ஷாம்பு, பழைய டூத் பிரஷ்ஷால் காலில் அழுக்கெடுப்பு, கொண்டைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மறுநாள் சாயங்காலம் கப்போடு வந்து இறங்குவாள். அவர்கள் கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஐந்து கப் வரிசையாக நின்றன. என்னைப் பார்க்க வரும் என் தங்கைகூட முதலில் அங்கே போய் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே காபி குடிக்க வருவாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவளை விட இரண்டு வகுப்பு கூடப் படித்தவள் நான். மாமியார் வாயால் நல்ல பெயர் வாங்கியது என் மீன் குழம்பு. அதையெல்லாம் ஒரு முழ உயரம்கூட இல்லாத கோழி தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

ஒரு நாள் மனதை அடக்கிக்கொண்டு, “எனக்கும் ஒரு ஜோடி குடுங்கக்கா” என்று கேட்டேன். உடனே கொடுத்தாள். சேவல் அருமையான குட்டைக்கால். பெட்டையோ வயல் வரப்பில் நிற்கிற கொக்கு மாதிரி நெட்டையாக நின்றது.

“இந்தப் பொட்டைய விட்றாதடி” என்றாள். “குட்டைக்குக் குட்டை சேத்தீன்னா பல குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துடும். ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, அப்படித்தான் சேக்கணும்.”

அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு, கழித்துக் கட்டியதை என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு கதையும் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கூண்டிலும் ஒரு நெட்டைக்கால் பெட்டை இருந்தது. தினமும் பார்த்தேன். பார்த்தும் அது என் புத்தியில் ஏறவில்லை.

தஞ்சாவூருக்குப் போய் ஒரு குட்டைக்கால் பெட்டையை வாங்கிவந்து சேவலோடு விட்டேன். நெட்டைக்காலை அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அறுத்துக் குழம்பு வைத்தேன். அதோடு நின்றேனா? ஒரு தூக்கில் ஊற்றி அக்கா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே தூக்கோடு வந்துவிட்டாள். எலும்பின் அளவைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். “அந்தப் பொட்டையவாடி அறுத்த?” என்று கேட்டாள். “எங்க வீட்டுக்கு வந்த கோழிதானேக்கா” என்றேன். தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். குழம்பு அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தடவை அடை வைத்தேன். இடிக்கு முட்டை கெடாமலிருக்க அடைக் கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டேன். இரண்டு தடவையும் பல முட்டைகள் பொரிக்கவே இல்லை. பொரித்த சிலதும் நோஞ்சானாக நடுங்கி, ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் கோயிலுக்குப் போன நேரத்தில் அக்கா வந்து முட்டைகளைக் குலுக்கி வைத்துவிட்டாள் என்று மாமியாரிடம் சொன்னேன். மாமியார் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. “நான் அன்னைக்கே சொன்னேங்கத்தை” என்றாள்.

மறுநாள் காலையில் என் அடுப்பங்கரை மேடையில் இந்தக் கிண்ணம் இருந்தது. உள்ளே உமி பரப்பி ஏழு முட்டைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னச் சிலுவை. அவளுடைய நெட்டைக்கால் பெட்டையின் முட்டைகள். ஏழும் பொரித்தன. நாலு குட்டை, மூன்று நெட்டை. அந்த நாலில் ஒரு சேவல் வளர வளர, அக்கா அதுவரை வைத்திருந்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

அடுத்த கண்காட்சிக்கு அவள் தன் கோழிகளைக் கொண்டுவரவில்லை. “நீ போடுடி, நான் தொணைக்கு வர்றேன்” என்று வேனில் என் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அங்கே சேவலின் காலைத் துடைத்துவிட்டதும் அவள்தான். முதல் பரிசு எனக்கு. கப்பைக் கையில் கொடுத்தபடி நடுவர், “யாருகிட்ட எடுத்த இனங்க இது?” என்று கேட்டார். அக்கா என் பின்னால் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“நானே சேத்து எடுத்ததுங்க” என்றேன்.

திரும்பி வரும்போது அவள் பேசியது ஒரே ஒரு வார்த்தை. “கூண்டு ஈரமா இருக்கு, சாக்கை மாத்துடி.” அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. கொஞ்ச நாளில் மகனுக்குத் திருவாரூரில் வேலை கிடைத்ததும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். போகும்போது தன் நெட்டைக்கால் பெட்டையை என் கூண்டில் விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது என் கூடத்திலும் கப் வரிசை இருக்கிறது. பேண்டம் கோழி என்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். ஆனாலும் எனக்கு அவள்மேல் இருக்கிற பொறாமை தீரவில்லை. கோழிக்காக இல்லை. நான் அவ்வளவு செய்த பிறகும் ஏழு முட்டையை உமியில் வைத்துக் கொடுக்க அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நாளைக்கு அவள் பேரனுக்கு ஞானஸ்நானம். திருவாரூர் போக வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதனால்தான் ஒன்பது வருடமாக இது இங்கேயே இருக்கிறது. இன்று காலையில் அந்த முதல் கப்பை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்துப் பார்த்தேன். செய்து வைத்த மாதிரி சரியாக உட்கார்ந்தது. பிறகு கப்பை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.