கண்ணாடி மேல் வைத்த சீப்பு

'திறந்துகாட்டு' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் வாயிலிருந்து. இளைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம். பையன் வீட்டைப் பற்றி விசாரிக்கப் போனவர், வாசலில் செருப்போடு நின்றபடியே சொன்னார்: "பையன் தங்கம், அண்ணி. அம்மாக்காரிக்குத்தான் கடைத்தெரு பூரா ஒரே பேரு, திறந்துகாட்டு. மிக்ஸி வாங்கப் போனா மூடியத் திற, அடியத் திற, ஒயர் போற எடத்தத் திறன்னு நிப்பாங்களாம். நம்ம பொண்ண எதத் திறந்து பாக்கப்போறாங்களோ."

அன்று என் மகள் கண்ணாடி முன் நின்று பல்லைப் பார்த்துக்கொண்டாள்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசினார். பிறகு எங்கள் வீட்டுத் தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் சேர்ந்திருந்த பஞ்சையெல்லாம் ஊசியால் நோண்டி எடுத்தார். "இத்தனையையும் வயித்துல வெச்சுக்கிட்டு எப்படித்தான் ஓடுச்சோ, பாவம்" என்று மிஷினுக்காக வருத்தப்பட்டார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எனக்கு அவர் சம்பந்தி, அவருக்கு நான் சம்பந்தி.

துணி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். புதுசு தைக்க மாட்டார். ஜிப் மாற்றுவது, இளைத்தவருக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவருக்கு விடுவது, இவ்வளவுதான். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதல் வேலையாக உள்பக்கம் திருப்பிவிடுவார். "வெளிய பாத்தா என்ன தெரியும், சம்பந்தி? உள்ள எவ்ளோ மடிச்சு விட்டிருக்கான்னு பாத்தாத்தான இது பொழைக்குமா பொழைக்காதான்னு தெரியும்." கடைகளில் மூடியைத் திறக்கச் சொல்வதும் இந்தப் பழக்கம்தான். அவர் பார்த்து வாங்கித் தந்த கிரைண்டர் என் பெரிய மகள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதை விற்ற கடைதான் மூடிவிட்டது.

போன வருஷம் அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. லாரி ஓட்டினவர். ஹாரனுக்கு வேலை வைக்காமல் வாயாலேயே வழி வாங்கிக்கொண்டு போவார் என்பார்கள். எங்களுக்குத் தூரத்து உறவும்கூட என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் பெரியம்மா மருமகனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் கிளையில் எல்லோருக்குமே வாய் நீளம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, வாயில் ஒரே வார்த்தை மிச்சமிருந்தது. "இல்ல." தண்ணீர் வேண்டும் என்றாலும் இல்ல, வேண்டாம் என்றாலும் இல்ல, பேத்தியைப் பார்த்துச் சிரித்தாலும் இல்ல.

சம்பந்தி கடையைப் பூட்டினார். அவருடைய நாத்தனார் ஒரு நாள் வந்து அண்ணனோடு இருந்து பார்த்தாள். சாயங்காலம் அழுதுகொண்டே கிளம்பிவிட்டாள். "என்ன கேக்குறாருன்னே புரியல, அண்ணி. போர்வையக் கொடுத்தா தள்ளுறாரு, தண்ணியக் கொடுத்தா தட்டிவிடுறாரு. எனக்குப் பயமா இருக்கு." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் என்ன கேட்கிறார் என்று சம்பந்தி ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கும் பாதி நேரம் குத்துமதிப்புதான். இப்படியே போனால் கடையை வேறு யாருக்காவது விட்டுவிட வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், என் முந்தானை ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு படப் புத்தகம் கொடுத்தாள். படத்தைத் தொட்டுக் காட்டட்டும் என்றாள். அதில் ஆப்பிள், யானை, ரயில் எல்லாம் இருந்தன. "யானைய வெச்சுக்கிட்டு இவரு என்னம்மா கேப்பாரு?" என்றார் சம்பந்தி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்படியானால் உங்கள் வீட்டுச் சாமான்களையே படமாக்கி அட்டையில் ஒட்டுங்கள், தேவைக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொண்டே போங்கள் என்றாள்.

மாப்பிள்ளை போனில் எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்காரருக்கு இடது கை நடுக்கம். ஒன்றைத் தொட்டால் போன் வேறு எங்கோ போய் நின்றது, கோபத்தில் தூக்கி எறிந்தார். ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம் என்றால், அது பஸ் ஏறிப் போகிற தூரம், இவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. ஒரு தடவை மாப்பிள்ளை ஆபீசிலிருந்து கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்தார். பச்சைச் சட்டையும் காப்பிக் கலர் சட்டையும் ஒன்றுபோல இருந்தன. இவர் கேட்டது பச்சை, போட்டுவிட்டது மற்றது. அன்று முழுக்க மனுஷர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சம்பந்தி முடிவு செய்துவிட்டார்: வீட்டிலேயே ஒரு பிரிண்டர், கலர், ஜெராக்சும் எடுக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது.

"போன்லயே ஒரு நிமிஷத்துல ஆர்டர் போட்டுடலாம்மா" என்றார் மாப்பிள்ளை.

"போடலாம். அது மூடியத் திறந்து காட்டுமா?"

நாத்தனாரையும் பேச்சுப் பயிற்சிப் பெண்ணையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். விற்கிறவன் நல்ல பையன், பேச்சில்தான் வேகம் அதிகம். நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் வரும் என்று அவன் ஆரம்பித்ததும் சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க வீட்ல நிமிஷத்துக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. வாரத்துக்கு ஒண்ணு வந்தாப் போதும். கொஞ்சம் திறந்து காட்டுங்க."

"எதைம்மா?"

"எதெல்லாம் திறக்குமோ அதெல்லாம்."

காகிதம் சிக்கினால் கையை எங்கே விடுவது, மை தீர்ந்தால் ஒரு கையால் ஊற்ற முடியுமா, போனும் கம்ப்யூட்டரும் இல்லாமல் பட்டனைத் தட்டினாலே ஜெராக்ஸ் எடுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் கைப்பையிலிருந்து சீப்பு, ஒரு ஸ்பூன், மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்து, மிஷின் மூடிக்கு அடியில் இருந்த கண்ணாடி மேல் வைத்துவிட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"பேப்பர்தாம்மா வைக்கணும்."

"பேப்பர நாங்க என்ன பண்றது? அவருக்கு வேணுங்கிறது சீப்புதான?"

முதல் மிஷினில் சீப்பு தெளிவாக வந்தது, ஸ்பூனின் குழி மட்டும் புகை படிந்த மாதிரி வந்தது. இரண்டாவதில் சீப்பே கலங்கல். மூன்றாவதில் எல்லாமே கண்ணாடி மாதிரி, ஆனால் விலையைக் கேட்டதும் மூடியை மெதுவாகச் சாத்தினார். அதற்குள் பையனுக்கே ஆசை வந்து, தன் பைக் சாவியையும் பாக்கெட் பேனாவையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் உண்மையையும் சொன்னான். "அம்மா, இது மை மிஷின். மாசக்கணக்கா சும்மாப் போட்டா மை காஞ்சு அடைச்சுக்கும். லேசர்ல அந்தத் தொல்லை இல்ல, ஆனா கலர் லேசர் உங்களுக்குக் கட்டாது. இத வாங்கினா வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்துடுங்க, வேலை இருந்தாலும் இல்லாட்டியும்."

வேறு யாராவது இருந்தால் சலித்துக்கொண்டிருப்பார்கள். சம்பந்தி, "சும்மாக் கெடந்தா வாய் அடைச்சுக்கும், அப்படித்தான?" என்றார். "சரி, இதுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே வைத்தியமாப் போச்சு." முதல் மிஷினையே கட்டச் சொன்னார்.

வாரம் ஒரு பக்கம் என்பது வாரம் ஒரு வார்த்தை ஆயிற்று. சீப்பு, ஸ்பூன், மூக்குக்கண்ணாடி, பச்சைச் சட்டையின் காலர், கால் வலித் தைலம். அட்டையில் ஒட்டி, துணியால் ஓரம் மடித்துத் தைத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளத் துணிப்பட்டை ஒன்றில் கோத்துவிட்டார். மனுஷர் விரலை வைத்தால் நாத்தனாருக்கும் புரிந்தது. ஒரு நாள் தைல அட்டையைத் தொட்டுவிட்டுத் தங்கை முழங்காலைக் காட்டினாராம். நீயும் தடவிக்கொள் என்கிறார். அவள் அன்றும் அழுதாள், ஆனால் வீட்டுக்கு ஓடவில்லை.

இருந்தும் சம்பந்தி கடைப் பக்கம் போகவில்லை. கேட்டால், இன்னும் நாலு வார்த்தை சேரட்டும் என்பார். நாலு சேர்ந்த பிறகும் அதையே சொன்னார்.

போன மாதம் நான் போயிருந்தேன். அந்த வாரத்துக்கு என்ன வைப்பது என்று சம்பந்தி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதைக் காட்டினாலும் "இல்ல." கடைசியில் வீட்டுக்காரரே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த கடைச் சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைக் கொண்டுபோய் மிஷின் கண்ணாடி மேல் கவிழ்த்தார். தன் கையை எடுத்துப் பட்டனை அழுத்தினார். காகிதம் நகர்ந்து நகர்ந்து வந்தது. கத்திரிக்கோல் காய்த்த கட்டைவிரல், ஊசி குத்திச் சொரசொரத்த ஆள்காட்டி விரல், நடுவில் சாவி.

சம்பந்தி காகிதத்தை எடுத்து, பழக்கத்தில் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னங்க, என்னைய வீட்ட விட்டுத் துரத்துறீங்களா?" என்றார்.

"இல்ல" என்றார் அவர். அது எந்த 'இல்ல' என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்திக்குத் தெரிந்திருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இப்போது காலையில் நாத்தனார் வந்ததும் கிளம்பிவிடுகிறார். சாப்பாட்டு நேரம் வரை கடையில்தான் இருக்கிறார்.