வலுவிழந்தது என்று வாசித்துவிட்டேன்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு கேபிள் சேனலில் செய்தி வாசிப்பாளராகச் சேர்ந்தேன். எங்கள் புதுப்பட்டினம் மீனவர் குப்பத்திலிருந்து டிவியில் வந்த முதல் பெண் நான்தான். "குப்பத்து பாஷை மட்டும் ஸ்கிரீன்ல வரக்கூடாது" என்பது முதலாளி போட்ட நிபந்தனை.

ஒருநாள் மதியச் செய்தியில், 'புயல் வலுவடைந்தது' என்றிருந்ததை 'வலுவிழந்தது' என்று வாசித்துவிட்டேன். அது எனக்கே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார்.

"இன்னாடி, புயல் போச்சுன்னு நீயே சொல்லிட்ட. உங்க நைனா வலைய எடுத்துகினு கரைக்குப் பூட்டாரு. எல்லாரும் படகத் தள்ளிகினு கீறாங்க."

தாளை எடுத்துப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது. முதலாளியிடம் ஓடினேன்.

"சாயங்காலச் செய்தியில சரியாப் படிச்சிடு. தப்புன்னு சொன்னா நம்ம சேனலை எவன் நம்புவான்?" என்றார்.

"எங்க நைனா கடலுக்குள்ள போனப்புறம் எவன் நம்பி இன்னா சார்?" என்று கேட்டுவிட்டு, சேனலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லி கேமரா முன் உட்கார்ந்தேன்.

"நான் தப்பாப் படிச்சிட்டேன். புயல் வலுத்துகினு கீது. யாரும் கடலுக்குப் போவாதீங்க!"

கரையோர டீக்கடை டிவியில் அதைக் கேட்டுப் படகுகளைத் திரும்ப மேலே இழுத்துவிட்டார்கள். அன்றோடு எனக்கு வேலை போனது.

இப்போது வேறு சேனலில் வாசிக்கிறேன். 'வலுவடைந்தது', 'வலுவிழந்தது' இரண்டில் எது தாளில் வந்தாலும் 'வலுத்தது', 'தணிந்தது' என்று பேனாவால் மாற்றிய பிறகே உட்காருகிறேன். அப்படியும் தவறினால், அதே இடத்தில் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.