தடுப்புக்கு மேலே வந்த துணி

என் தையல் கடைக்கும் பக்கத்து மேட்சிங் சென்டருக்கும் நடுவே இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. ஒரு கடையை இரண்டாகப் பிரித்த கட்டட உரிமையாளர் பலகையை மிச்சம் பிடிக்க, தடுப்பைக் கூரை வரை கொண்டுபோகவில்லை. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. யாராவது ஜாக்கெட் தைக்க வந்தால் கடையை விட்டு இறங்காமலேயே குரல் கொடுப்பேன்.

"அண்ணே, ஒரு மீட்டர் லைனிங்."

ஜாக்கெட் துணியைத் தடுப்புக்கு மேலே நீட்டினால் அந்தக் கடைக்கார அண்ணன் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே நிறத்தில் லைனிங் வெட்டி மேலேயே திருப்பித் தருவார். சாயம் போகிற துணி என்றால், "நனைச்சுக் காயவச்சுத் தை" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

நான் காரைக்குடியில் கடை போட்ட புதிதில் அவர் வாசலிலும் ஒரு தையற்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் திருப்பூருக்குப் போனபின் அண்ணன் வேறு ஆள் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதுதான் நீ இருக்கியேத்தா" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். நான் லைனிங் விற்கமாட்டேன், அவர் ஒரு கொக்கிகூடத் தைத்துக் கொடுக்கமாட்டார். எங்கள் தெருவே அப்படித்தான். டீக்கடைக்காரர் வடை போடமாட்டார். வடை போடுகிறவர் எதிரே இருக்கிறார்.

பிறகு ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் உதவித் திட்டம் என்று ஆட்கள் வந்தார்கள். சிறு கடைகளைத் தூக்கி நிறுத்தி, தெருவையே செழிக்க வைக்கப் போகிறார்களாம். எல்லாக் கடைக்கும் ஒரே நிறத்தில் போர்டு மாட்டினார்கள். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். வந்த வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புவது பெரிய தவறு என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டோம்.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வந்த அன்றே என்னை அக்கா என்றாள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் வீட்டுக்கு அழைத்துப்போய் வெள்ளைப் பணியாரம் சுட்டுப்போட்டேன். நாலு மாசத்தில் எத்தனை ஈடு சுட்டிருப்பேனோ தெரியாது. பெற்ற மகளுக்குக்கூட நான் அத்தனை தடவை மிளகாய்ச் சட்னி அரைத்ததில்லை.

ஒருநாள் அவள் கடையில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்களுக்காகச் சொல்றேன். பக்கத்துக் கடைக்காரர் தையல் யூனிட் போட எழுதிக் கொடுத்துட்டார். நீங்க மட்டும் யோசிச்சுட்டே இருக்கீங்க. நீங்களும் லைனிங் வெச்சா ஒரே கடையில எல்லாம் கிடைக்கும். பவர் மிஷின், ரேக், முதல் சரக்கு எல்லாம் கம்பெனி தரும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாருக்கோ ஃபால்ஸ் துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். பேனாவை வாங்கி அவள் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ரேக் வந்து இறங்கிய அன்று அண்ணன் தன் கடைப் படியில் நின்று பார்த்தார். "நல்லா இருத்தா" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ரேக்கை அந்தத் தடுப்பை ஒட்டியே போடச் சொன்னேன். அது கூரையைத் தொட்டது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கல்லல் பக்கமிருந்து வரும் பெண்கள், "எல்லாம் இங்குட்டே கெடைக்குதே, அலைச்சல் மிச்சம்" என்றார்கள். அண்ணன் கடையில் கூட்டம் குறைந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் தையல் ஆள் வைக்கவே இல்லை என்பது கண்ணில் பட்டும், நான் முந்திக்கொண்டதால் பயந்துவிட்டார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

அதன்பிறகு ஒரு நாள் நெற்குப்பையிலிருந்து ஒரு அம்மா வந்து, மகளின் முகூர்த்த ஜாக்கெட்டை மேசையில் விரித்தார். பச்சை லைனிங்கின் சாயம் இறங்கி, சந்தன நிறப் பார்டரெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. போட்டுப் பார்த்தபோது வேர்த்ததுக்கே அந்தக் கதி.

"இத்தன வருஷமா உங்கிட்டதான தைக்கிறோம். இப்படி ஆனதே இல்லையே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன மகளுக்கென்று வைத்திருந்த அதே பட்டுத் துணியைக் கொடுத்து, நாளைக்குள் புதிதாகத் தைத்துக் கேட்டார்.

கம்பெனிச் சரக்கில் இருந்த பச்சை எல்லாம் அந்த ஒரே பச்சைதான். சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சே. நான் இப்ப வேற மாவட்டம். ரிப்போர்ட்டுல உங்க போட்டோதான் முதல் பக்கம், பார்த்தீங்களா?" என்றாள்.

வேறு வழியில்லாமல் அண்ணன் கடைப் படி ஏறினேன். நீட்டியதும் அவர் பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு பச்சையை உருவினார், வெட்டினார். "நனைச்சுக் காயவச்சுத் தை" என்றார். என்னால் அடக்க முடியவில்லை.

"ஒரு வருஷமா கேக்கணும்னு இருக்கேண்ணே. தையல் யூனிட் போட எழுதிக் குடுத்தீகளே, எம்மேல அப்படி என்ன கோவம்?"

அவர் நூல்கண்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து நாலு தாள்களை எடுத்துப் போட்டார். நான் கையெழுத்துப் போட்ட அதே விண்ணப்பம். நாலிலும் அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"அந்தப் பிள்ள நாலு தடவ வந்துச்சு. வரும்போதெல்லாம் ஒண்ணக் குடுத்துட்டுப் போச்சு. பக்கத்துல தைக்கிற ஆளு இருக்கு, நான் எப்படி வைக்கிறதுன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே."

"என்னத்தச் சொல்ல? உங்கிட்டயும் வந்து கேப்பாகன்னு தெரியும். நீயும் இதத்தான் சொல்லுவேன்னு இருந்துட்டேன்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த அந்தப் பெண்ணை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. என் பணியாரத்தைத் தின்றுகொண்டே என்னிடம் பொய் சொன்னாள். ஆனால் அவள் நாலு மாசப் பழக்கம். அண்ணனுக்குத் துரோகம் செய்த நானோ பதினெட்டு வருஷப் பழக்கம்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் ரேக்கைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். தடுப்புக்கு மேலே மறுபடி வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் ஒரு மெரூன் ஜாக்கெட் வந்தது. எவ்வளவோ தயங்கி, துணியை மேலே நீட்டிக் குரல் கொடுத்தேன்.

"அண்ணே, ஒரு மீட்டர் லைனிங்."

துணியை யாரும் வாங்கவில்லை. அந்தப் பக்கமிருந்து பதில் மட்டும் வந்தது. குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"கடைக்கு வாத்தா, வெட்டித் தாறேன்."